அரை நொடித் தாமதம் காட்டிக்கொடுத்தது

தொழில்நுட்பச் செய்திகளைத் திறந்தால், எந்த ஸ்டார்ட்அப் எவ்வளவு முதலீடு திரட்டியது, எது நூறு கோடி டாலர் மதிப்பைத் தொட்டு யூனிகார்ன் ஆனது என்பவைதான் முதலில் கண்ணில் படுகின்றன. அந்த நிறுவனங்களின் மென்பொருள் யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் திறந்துவைக்கப்பட்ட எந்தெந்தத் திறமூல நிரல்களின் தோளில் ஏறி நிற்கிறது, அவற்றை யார் பராமரிக்கிறார்கள் என்பது ஏதேனும் உடையும்போது மட்டுமே செய்தியாகிறது. இது பெரும் தவறு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

2024 மார்ச் இறுதியில் வெளிவந்த எக்ஸ்இசட் விவகாரத்தை எடுத்துக்கொள்வோம். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை உருவாக்குபவர்களுள் ஒருவரான ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட், டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் கொண்ட கணினி ஒன்றில் வேகச் சோதனை செய்துகொண்டிருந்தபோது, தொலைவிலிருந்து கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக உள்நுழைய வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். பலரும் பொருட்படுத்தாமல் விட்டிருக்கக்கூடிய அந்த அரை நொடியை அவர் விடாமல் துருவினார். லினக்ஸ் உலகெங்கும் பரவியிருக்கும் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில், பிறர் கணினிக்குள் இரகசியமாக நுழைய வழிவிடும் பின்கதவு ஒன்று வைக்கப்பட்டிருப்பது அப்போதுதான் தெரியவந்தது. அதன் கூறுகள் சோதனைக்கான சுருக்கக் கோப்புகளுக்குள் மறைக்கப்பட்டிருந்தன. அவற்றை வெளியே எடுத்து இயங்கச் செய்யும் வரியோ, நிரலை எல்லாரும் படிக்கும்படி வைத்திருக்கும் கிட் களஞ்சியத்தில் இல்லாமல், பதிவிறக்கத் தரப்படும் வெளியீட்டுத் தொகுப்பில் மட்டும் சேர்க்கப்பட்டிருந்தது. களஞ்சியத்தை வரிவரியாகப் படித்தவருக்குக்கூட முழுச் சூழ்ச்சியும் பிடிபட்டிருக்காது.

இந்த நுட்பத்தைவிட, அது உள்ளே நுழைந்த வழிதான் என்னை அதிகம் உலுக்கியது. அந்த மென்பொருளைப் பல ஆண்டுகளாக ஒரே ஒருவர் ஊதியமின்றிப் பராமரித்துவந்தார். 2022இல், வேலை ஏன் இவ்வளவு மெதுவாக நடக்கிறது, பொறுப்பை வேறொருவரிடம் தரக்கூடாதா என்று முன்பின் அறியாத பெயர்கள் அவரை நெருக்கத் தொடங்கின. இது ஊதியமில்லாத, ஆர்வத்துக்காகச் செய்யும் பணி என்று அவர் பொறுமையாக விளக்கினார். அதே காலத்தில் 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் திருத்தங்களை அனுப்பி, சலிக்காமல் உதவி, நம்பிக்கையைச் சம்பாதித்து, கடைசியில் புதிய பதிப்புகளை வெளியிடும் உரிமையையும் பெற்றுவிட்டார். களைத்துப்போன ஒரு மனிதரின் தனிமைதான் அங்கே பாதுகாப்புக் குறைபாடாக இருந்தது.

இது நமக்குப் புதிய பாடமும் அன்று. 2014இல் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க மென்பொருளில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெடித்தபோது, இணையத்தின் பெரும்பகுதியைக் காத்துவந்த அந்தத் திட்டத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர்தான் நன்கொடையாக வந்துகொண்டிருந்தது என்பது வெளிப்பட்டது. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற, மென்பொருள்களின் நிகழ்வுகளைப் பதிவுசெய்யும் நிரலில் பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தபோதும் தன்னார்வலர்களே இரவுபகலாக உட்கார்ந்து சரிசெய்தார்கள். அப்போதும் அவர்களுக்கு வசவுகள் வந்தன.

ஆகவே, முதலீடு பெறும் நிறுவனங்கள் தாம் சார்ந்திருக்கும் நிரல்களின் பட்டியலை எடுத்து, அவற்றின் பராமரிப்பாளர்களுக்கு ஆண்டுதோறும் நிலையான தொகை தர வேண்டும் என்று கேட்கிறேன். தருமமாக அன்று, சர்வர் வாடகையைப் போல வரவுசெலவில் எழுதப்படும் செலவாக. பணம் தர இயலாதவர்கள் ஒரு பிழையைத் தெளிவாகப் பதிவு செய்யலாம். குறைந்தது, புதிய பதிப்பு எப்போது வரும் என்று அதட்டாமலாவது இருக்கலாம்.

எக்ஸ்இசட் பராமரிப்பாளர் விலகிப் போய்விடவில்லை. பழைய மாற்றங்களையெல்லாம் மீண்டும் சரிபார்த்து, பின்கதவை நீக்கி, 2024 மே மாதம் 5.6.2 பதிப்பை அவரே வெளியிட்டார்.