ரேஷன் அரிசியில் இருப்பது பிளாஸ்டிக் இல்லைங்க

ரேஷன் அரிசியைப் புடைக்கும்போது நிறம் மாறித் தெரிகிற மணிகளை ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று பொறுக்கி எறிகிற வீடுகள் தாராபுரம், காங்கேயம் பக்கம் இன்னும் இருக்கின்றன. தயவுசெய்து எறியாதீர்கள். அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து மெஷினில் அரிசி மாதிரியே அச்சிட்டு எடுத்த மணி அது. 100 கிலோவுக்கு 1 கிலோ கலக்கிறார்கள். ஊறப்போட்டால் சிலது மிதக்கும், அவ்வளவுதான். தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரும்புச்சத்து சேர்ப்பதே ரத்தசோகையைக் குறைக்கத்தான். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் இந்தியா முழுக்க 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 57. அரிசி இலவசமாகக் கிடைக்கிற, சத்துணவில் முட்டை போடுகிற மாநிலத்தில் இந்த நிலைமை! நாமக்கல் முட்டை பெரும்பாலும் குழந்தை அங்கன்வாடிக்கோ பள்ளிக்கூடத்துக்கோ போன பிறகுதான் தட்டுக்கு வருகிறது, ஆனால் ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரைக்கும்தான் சத்துக்குறைவு குழந்தையை அதிகம் பாதிக்கும். அந்த வயதில் அம்மா பனியன் கம்பெனிக்குப் போயிருப்பார், வீட்டில் அப்பத்தாவோ அம்மாயியோ டீயில் பிஸ்கட்டை நனைத்து ஊட்டிக்கொண்டிருப்பார். டீயோ, சாப்பாட்டில் இருக்கிற கொஞ்சநஞ்ச இரும்புச்சத்தையும் உடம்பில் சேர விடாது. அங்கன்வாடியில் கொடுத்த சத்துமாவு தவிட்டுத் தண்ணியோடு மாட்டுக்குப் போகிறது. மூலனூர் முருங்கைக்காய் லோடு லோடாக வெளியூர் போகிறது. அதே மரத்துக் கீரையை மசித்து, கொஞ்சம் எண்ணெய் விட்டுக் குழந்தைக்கு ஊட்டினால் வைட்டமின் ஏ கிடைக்கும், ஆனால் வயிற்றால் போகும் என்று பயப்படுகிறார்கள்.

ஏழை நாடுகளுக்கு எந்தச் செலவு அதிகப் பலன் தரும் என்று 2008-இல் கோபன்ஹேகனில் பொருளாதார அறிஞர்கள் கூடி வரிசைப்படுத்தியபோது, குழந்தைகளுக்கு வைட்டமின் ஏவும் துத்தநாகமும் (ஜிங்க்) கொடுப்பதைத்தான் முதலிடத்தில் வைத்தார்கள். இரண்டும் நம் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கின்றன, காசு வாங்குவதில்லை. அப்புறம் ஏன் இந்த நிலைமை? வயிற்றுப்போக்குக்குத் துத்தநாக மாத்திரையை 14 நாள் கொடுக்க வேண்டும், பேதி நின்றதுமே நிறுத்திவிடுகிறோம். இரும்புச்சத்து டானிக் கொடுத்தால் மலம் கறுப்பாகப் போகும், அது சாதாரணம். யாரும் சொல்லவில்லை என்றால் எந்தத் தாய்தான் பயப்படாமல் இருப்பாள்? பாட்டில் அலமாரிக்குப் போய்விடுகிறது.

என்னைக் கேட்டால், இனிமேல் செலவழிக்கிற பணம் புது மருந்துக்கோ புது மாவுக்கோ போக வேண்டியதில்லை. வீடு வீடாகப் போய்ச் சொல்கிற ஆளுக்குப் போகட்டும். அங்கன்வாடி டீச்சரும் கிராம செவிலியரும் செல்போனில் விவரம் ஏற்றியே ஓய்ந்துபோகிறார்கள், உட்கார்ந்து அம்மாயியிடம் பேச அவர்களுக்கு நேரம் எங்கே இருக்கிறது? ரேஷன் கடை வாசலில் அந்த அரிசியைச் சமைத்துக் காட்டி நாலு பேருக்குச் சாப்பிடக் கொடுத்தாலே பாதி வதந்தி அடங்கிவிடும், அதற்கு என்ன பெரிய செலவு ஆகிவிடப்போகிறது?

அடுத்த கிராமசபையில் ரோடு, தெருவிளக்கோடு சேர்த்து இதையும் கேளுங்கள்: நம் ஊரில் இரண்டு வயதுக்குட்பட்ட எத்தனை குழந்தைக்கு டானிக் போய்ச் சேர்ந்தது, எத்தனை குழந்தை அதைக் குடித்தது, அங்கன்வாடியில் பணியிடம் ஏதாவது காலியாகக் கிடக்கிறதா என்று.