அறுப்புக்காலத்து யோர்தான்

இஸ்ரவேலர் யோர்தானைக் கடந்ததைச் சொல்லும் யோசுவா மூன்றாம் அதிகாரத்தில், பிரசங்கங்களில் அதிகம் பேசப்படாத ஒரு குறிப்பு இருக்கிறது. அது அறுப்புக்காலம், அந்நாட்களில் யோர்தான் கரைபுரண்டு ஓடும் என்கிறது வேதம். வற்றிய ஆற்றைக் கடப்பதில் அற்புதம் ஏதுமில்லை. தண்ணீர் நிற்பதற்கு முன்பே, உடன்படிக்கைப் பெட்டியைச் சுமந்த ஆசாரியர்கள் அந்த வெள்ளத்தில் கால் வைத்தார்கள் என்பதில்தான் அந்த அதிகாரத்தின் உயிரே இருக்கிறது.

யோர்தானை வேதம் ஒருபோதும் பெரிய நதியாகக் காட்டுவதில்லை. தமஸ்குவின் ஆப்னாவும் பர்பாரும் இதைவிட நல்ல நதிகள் அல்லவா என்று குஷ்டரோகியான சீரியப் படைத்தலைவன் நாகமான் கோபப்பட்டபோது, அவனை யோர்தானில் முழுகச் சொன்ன தீர்க்கதரிசி எலிசா அந்த ஒப்பீட்டை மறுத்து ஒரு வார்த்தையும் சொன்னதாக எழுதப்படவில்லை. ஏழுதரம் முழுகிய கீழ்ப்படிதலே அவனைச் சுத்தமாக்கியது. பாவமறியாத இயேசுவும், பாவங்களை அறிக்கையிட்டு வந்த ஜனங்களோடு அதே தண்ணீரில் இறங்கி யோவானிடம் ஞானஸ்நானம் பெற்றார்.

அப்படியானால் தண்ணீர் முக்கியமல்ல, விசுவாசமே போதும் என்று சிலர் முடிவுகட்டுகிறார்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை. தேவன் செயல்பட்டது ஓர் உருவகத்தில் அல்ல, உண்மையாகவே ஓடிய ஆற்றில்.

அந்த ஆற்றின் இன்றைய நிலை என்னை மிகவும் வருத்துகிறது. கலிலேயாக் கடலிலிருந்து யோர்தான் வெளியேறும் இடத்தில் 1932இல் தெகானியா அணை எழுந்தது. 1964 முதல் இஸ்ரேலின் தேசியக் கால்வாய்த் திட்டம் அந்தக் கடலின் நீரைத் தெற்கே கொண்டுசெல்கிறது. கிளை நதியான யார்மூக்கின் நீரைச் சிரியாவும் ஜோர்தானும் எடுத்துக்கொள்கின்றன. ஆண்டுக்கு ஏறத்தாழ 130 கோடி கனமீட்டர் ஓடிய கீழ் யோர்தானில் இப்போது பத்தில் ஒரு பங்குகூட ஓடுவதில்லை. ஓடுவதிலும் உப்பு ஊற்றுகளின் நீரும் கழிவுநீரும் கலந்திருக்கின்றன. அது சென்று சேரும் சவக்கடலின் மட்டம் ஆண்டுக்குச் சுமார் ஒரு மீட்டர் தாழ்கிறது.

இயேசு ஞானஸ்நானம் பெற்ற இடமாகப் போற்றப்படும் கிழக்குக்கரை அல் மக்தாஸை 2015இல் யுனெஸ்கோ உலக மரபிடமாக அறிவித்தது நல்லதே. ஆனால் கரைக்குக் கிடைத்த மதிப்பு ஆற்றுக்குக் கிடைக்கவில்லை. நம் ஊர்களிலிருந்து புனிதப் பயணம் போகிறவர்கள் புட்டிகளில் யோர்தான் தண்ணீரைப் பக்தியோடு கொண்டுவருகிறார்கள். அந்தப் பக்தியை நான் மதிக்கிறேன். அவர்களை அழைத்துச் செல்லும் போதகர்கள், அதே கரையில் யோசுவா மூன்றாம் அதிகாரத்தை வாசித்து, இந்த ஆறு ஏன் இப்போது கரைபுரள்வதில்லை என்பதையும் அவர்களுக்கு விளக்க வேண்டும்.