பிள்ளை பிடிக்கிறவன் செய்தி வந்தது, பெரியம்மா பணம் போன செய்தி வரவில்லை

போன ஆடியில் எங்கள் சந்து முனையில் ஒரு ஃபிளெக்ஸ் கட்டினார்கள். காதுகுத்து. குழந்தையின் படம் நடுவில், தாய்மாமன் தொடங்கிச் சுற்றிலும் பதினாறு முகங்கள். கடைசி வரிசையில் என் முகமும் இருந்தது. படத்தை யார் கொடுத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. சேலம் அம்மாபேட்டையில் எங்கள் பக்கம் இருப்பவர்களுக்கு அந்தக் குழந்தையின் நட்சத்திரம், மொட்டை எந்தக் கோயிலில், கிடா எத்தனை கிலோ என்பது வரை அத்துப்படி. தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரம் அதுதான் பேச்சு.

அந்த ஃபிளெக்ஸுக்கு நேர் எதிர் வீட்டில் ஒரு பெரியம்மா இருக்கிறார். அதே வாரம் ஒரு மோசடி எஸ்எம்எஸ்ஸை நம்பி அவர் வங்கிக் கணக்கிலிருந்து 48,000 ரூபாய் போனது. ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது.

பணம் போனதைக்கூட எப்படியோ ஆற்றிக்கொள்ளலாம். பன்னிரண்டு நாள் கழித்து, பின் சந்தில் இருக்கும் ரிட்டயர்டு கண்டக்டர் மாமாவுக்கு அதே எஸ்எம்எஸ் வந்து அவரும் முப்பதாயிரத்துச் சொச்சம் விட்டார். அதைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

மாமா வீட்டுக்குப் போய் விசாரித்துவிட்டு வந்து, நான் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். பெரியம்மா வந்தார். வாசற்படியைத் தாண்டவில்லை. என் மனைவி உள்ளே போகும் வரை காத்திருந்துவிட்டு, "கண்ணு, எனக்கும் இதேதான் நடந்துச்சு" என்றார். கையில் அந்தப் பழைய பட்டன் போன் இல்லை, மகன் வாங்கிக் கொடுத்த பெரிய போன். அதைத் தேளைப் பிடிப்பது போல இரண்டு விரலால் பிடித்திருந்தார்.

நடந்தது இதுதான். "போன மாத கரண்ட் பில் பதிவாகவில்லை, இன்றிரவு 9.30 மணிக்கு மின் இணைப்புத் துண்டிக்கப்படும், அதிகாரியை இந்த எண்ணில் அழைக்கவும்" என்று ஒரு எஸ்எம்எஸ். பெரியம்மா வீட்டில் இரண்டு விசைத்தறி ஓடுகிறது. விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம் என்பதால், எந்தத் தடவை எவ்வளவு கட்ட வேண்டும், கட்ட வேண்டுமா வேண்டாமா என்பதே அவருக்குக் குழப்பம். ஆர்டர் புடவை பாவில் இருக்கிறது. கரண்ட் போனால் தறி நிற்கும், தறி நின்றால் சனிக்கிழமை கூலி எங்கிருந்து வரும்? கூப்பிட்டார். எதிர்முனையில் இருந்தவன் நல்ல தமிழில், "பயப்படாதீங்கம்மா, பத்து ரூபா கட்டினா போதும், அப்டேட் ஆயிடும்" என்று சொல்லி ஒரு ஆப்பை இறக்கச் சொன்னான். அது நம் போன் திரையை அவனுக்கு அப்படியே காட்டும் ஆப். பத்து ரூபாய் கட்டும்போது இவர் தட்டிய ரகசிய எண்ணையும், பின்னால் வந்த ஓடிபியையும் அவன் அங்கே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். தறிக்காரர்களுக்குத் தீபாவளி போனஸ் கொடுக்கச் சேர்த்த பணம் அது.

"அன்னைக்கே ஏன் சொல்லலை பெரியம்மா?"

"சொன்னா மருமக என்ன நினைப்பா? இந்த வயசுல இதெல்லாம் உனக்குத் தேவையான்னு கேப்பாங்க. ஊரே சிரிக்கும்."

பணம் போன கையோடு சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் பண்ணியிருந்தால், பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்கச் சொல்லிப் பார்த்திருக்கலாம். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்பதெல்லாம் இதில் பெரிய வித்தியாசம். பன்னிரண்டு நாள் கழித்து நாங்கள் புகார் பதிவு பண்ணினோம். ஒப்புகை எண் கிடைத்தது. அவ்வளவுதான் கிடைத்தது.

அந்தப் பன்னிரண்டு நாளில் எங்கள் குழுவில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று பின்னால் போய்ப் பார்த்தேன். காதுகுத்துப் படங்கள் 140. காலை வணக்கம் கணக்கில்லை. அப்புறம், "வடக்கிலிருந்து 400 பேர் பிள்ளை பிடிக்க இறங்கியிருக்கிறார்கள், அதிகம் பகிரவும்" என்று ஒரு குரல் பதிவு. எந்த ஊரில் இறங்கினார்கள், எந்த ஸ்டேஷனில் புகார், யார் வீட்டுப் பிள்ளை என்று ஒன்றும் கிடையாது. அதை அனுப்பியவர் எங்கள் தெருவிலேயே நிதானமான மனுஷர் என்று பெயர் எடுத்தவர்.

எங்கள் சந்தில் ஒரு தறிக்கூடத்தில் ஒடிசாப் பையன் ஒருவன் இரண்டு வருஷமாக வேலை செய்கிறான். அந்தக் குரல் பதிவு வந்த மறுநாள் சாயங்காலம் பால் வாங்கப் போனவனை மூன்று வீட்டுக்காரர்கள் நிறுத்தி ஆதார் கார்டு கேட்டிருக்கிறார்கள். ஒருவர் கையில் விளக்குமாறு. அவனிடம் தினமும் "என்னப்பா சாப்பிட்டியா" என்று கேட்கிறவர்கள்தான். மூன்று நாள் அவன் டீக்குக்கூட வெளியே வரவில்லை.

இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், சென்னையிலிருந்து குலதெய்வக் கோயில் தேடிப் போன குடும்பம் வழி கேட்க வண்டியை நிறுத்தியது. கூட வந்த மூதாட்டி அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவர் என்று நினைத்து ஊரே கூடி அடித்ததில் அவர் செத்தே போனார். அந்த வருஷம் நாட்டில் இப்படிப் பல இடங்களில் நடந்த பிறகுதான், ஒரு தகவலை ஐந்து பேருக்கு மேல் ஒரே நேரத்தில் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் இந்தியாவில் கட்டுப்பாடு போட்டது. நம் ஆட்கள் ஐந்து ஐந்தாக அனுப்பக் கற்றுக்கொண்டார்கள்.

என் அத்தை தெருக்குழாயில் தண்ணி பிடித்த காலத்தில் வதந்தியே இல்லை என்று சொல்ல மாட்டேன். இருந்தது, நிறையவே. ஆனால் குழாயடியில் யாராவது ஒன்று சொன்னால் அடுத்த நொடி, "யாரு சொன்னா? நீ பாத்தியா?" என்று ஒரு குரல் எழும். குடம் நிரம்பும் வரை எங்கேயும் ஓட முடியாது, பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். குழுவில் அப்படிக் கேட்டால், "ஜாக்கிரதைக்குத்தானே போட்டேன், நல்லதுக்குக் காலமே இல்லை" என்று கோபித்துக்கொள்கிறார்கள்.

கண்ணால் பார்த்துச் சொல்கிற செய்தி எப்படி இருக்கும் என்பதற்கும் எங்கள் குழுவிலேயே உதாரணம் இருக்கிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்தபோது, மலைக்குக் காய்கறி ஏற்றிப் போகும் தம்பி ஒருவன் போட்டது இரண்டே வரி: "அடிவாரத்துல நிறுத்திட்டாங்க. நான் வண்டிய திருப்பிட்டேன், யாரும் வராதீங்க." அதே நேரம் வேறு ஏதோ மலையில் பஸ் உருளும் வீடியோவை ஏற்காடு என்று நான்கு பேர் போட்டார்கள். தம்பியின் இரண்டு வரிக்கு ஒருவரும் கட்டைவிரல்கூடக் காட்டவில்லை. வீடியோவுக்கு ஐம்பது அழுமூஞ்சி.

இன்னொன்று, கேஸ் டியூப். 2021 நவம்பரில் நம்ம கருங்கல்பட்டியில் சிலிண்டர் வெடித்துப் பக்கத்து வீடுகளும் இடிந்து உயிர்கள் போனது சேலத்துக்காரர்கள் யாருக்கும் மறக்காது. அதற்கப்புறமும் எங்கள் தெருவில் யாரும் அடுப்புக்குப் பின்னால் குனிந்து பார்க்கவில்லை. போன தை மாதம் மூன்றாவது வீட்டு அண்ணன் டியூபை எலி கடித்து கேஸ் கசிந்திருக்கிறது. நல்ல வேளை, நாத்தம் வந்ததும் சுவிட்ச் எதையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி ஜன்னலைத் திறந்துவிட்டார். மனுஷர் அத்தோடு விடவில்லை. கடிபட்ட டியூபைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு வீடாகக் காட்டினார். "ஏழு வருஷமா மாத்தல, என் சோம்பேறித்தனம்" என்று வாய்விட்டுச் சொன்னார். அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும் என்பது அன்றைக்குத்தான் பலருக்குத் தெரிந்தது. அந்த வாரமே ஏழு வீட்டில் டியூப் மாறியது, எங்கள் வீடு உட்பட. கேஸ் கசிந்தால் 1906 என்ற நம்பரை என் மனைவி பிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டியதும் அன்றைக்குத்தான்.

அண்ணனுக்கு மானம் போய்விட்டதா? அவரைப் பார்த்து யார் சிரித்தார்கள்?

வீட்டு விஷயத்தை வெளியே சொல்லக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். அது எனக்கும் புரிகிறது. ஆனால் அந்த ரகசியம் நமக்கு எப்போது ஞாபகம் வருகிறது என்று பாருங்கள். யார் வீட்டுப் பெண் யாரோடு பேசினாள் என்பது தெருவைச் சுற்றி வர அரை மணி நேரம் போதும். குடும்பத்தோடு பழனிக்குப் போகிறவர்கள் பஸ் ஏறும் முன்பே ஸ்டேட்டஸ் வைத்து, வீடு பூட்டியிருக்கிறது, மூன்று நாள் வர மாட்டோம் என்று ஊருக்கே அறிவித்துவிடுகிறார்கள். வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூர் போவதைச் சொல்ல வேண்டிய இடம் போலீஸ் ஸ்டேஷன், அப்புறம் பக்கத்து வீடு. ஏமாந்ததை மட்டும்தான் நாம் ரகசியமாக வைத்துக்கொள்கிறோம். ஏமாற்றுகிறவனுக்கு வேண்டியதும் அதுதான். ஒரு வீட்டில் வேலை முடித்தவன் அடுத்த வீட்டுக்கு அதே கதையோடு தைரியமாக வருகிறான்.

அதனால் யார் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை என்று குழுவில் எழுதிவிட்டேன். கரண்ட் கட் ஆகும் என்று தனி ஆள் செல்போன் நம்பரிலிருந்து எஸ்எம்எஸ் வந்தால் கூப்பிடாதீர்கள், சந்தேகம் இருந்தால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987-இல் கேளுங்கள், யார் சொன்னாலும் எந்த ஆப்பும் இறக்காதீர்கள் என்று. யாருக்கு நடந்தது என்று மட்டும் போடவில்லை. கண்டக்டர் மாமா தானாகவே கீழே, "எனக்குத்தான் நடந்தது" என்று எழுதினார். அதற்கப்புறம் பாருங்கள், ராத்திரி பத்து மணிக்குள் இன்னும் இரண்டு பேர். ஒருவர் லோன் ஆப்பில் மாட்டியவர், இன்னொருவருக்குக் கொரியர் பெயரில் போன் வந்து தப்பித்தவர். ஒரே தெருவில், இத்தனை நாள் பக்கத்துப் பக்கத்தில் இருந்திருக்கிறோம்.

பெரியம்மா குழுவில் இல்லை. இதை முகநூலில் போடட்டுமா என்று நேற்று போய்க் கேட்டேன். நூல் சுற்றிக்கொண்டிருந்தவர் ராட்டையை நிறுத்தாமலே, "பேரு போடாத கண்ணு" என்றார். சரி என்று திரும்பினேன். பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"நாப்பத்தெட்டாயிரத்து இருநூறு. அந்த இருநூறையும் சேத்து எழுது."