வகுத்தல் கணக்குக்குப் பெயர் பயண நேரமா?

பின்லாந்தின் ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோவுக்கு விமானத்தில் எவ்வளவு நேரம் ஆகும் என்று ஓர் இணையப் பக்கத்தில் தேடினேன். தூரம் 7,800 கிலோமீட்டர், பறக்கும் நேரம் 9 மணி 45 நிமிடம் என்று வந்தது. நிமிடம் வரைக்கும் போட்டிருக்கிறார்களே என்று நம்பிவிட்டேன். மாலையில் ஏறினால் மறுநாள் காலையில் இறங்கிவிடலாம் என்று, மதியம் 12 மணிக்கு ஒருவரைச் சந்திக்க நேரமும் கேட்டு வாங்கிவிட்டேன். டிக்கெட் எடுக்கப் போனால் 13 மணி நேரம் என்கிறது! அவருக்கு போன் செய்து, மன்னிப்புக் கேட்டு, அவர் அன்றைக்கு எனக்காகத் தள்ளிவைத்த வேலைகளைப் பற்றிச் சொல்லச் சொல்ல, வயிறு எரிந்தது.

அந்த 9 மணி 45 நிமிடம் எங்கிருந்து வந்தது தெரியுமா? 7,800-ஐ 800-ஆல் வகுத்துப் பாருங்கள். அவ்வளவுதான். இரண்டு ஊருக்கும் நடுவில் நூல் பிடித்து அளந்து, மணிக்கு 800 கிலோமீட்டர் என்று வகுத்து, அதைப் பயண நேரம் என்று போட்டுவிட்டார்கள். அந்த நூல் சைபீரியாவுக்கு மேலே போகிறது. 2022 பிப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியமும் ரஷ்யாவும் ஒருவர் விமானத்தை ஒருவர் விடுவதில்லை என்று வான்வெளியை மூடியதிலிருந்து அந்த வழியே கிடையாது. ஒன்று, விமானம் வடதுருவத்தைக் கடந்து அலாஸ்கா பக்கமாகச் சுற்றி வர வேண்டும், இல்லையென்றால் தெற்கே மத்திய ஆசியா வழியாகச் சுற்ற வேண்டும். நான் போனது துருவ வழி. முன் இருக்கையின் திரையில் அந்தக் குட்டி விமானம் வரைபடத்தின் உச்சியை நோக்கி ஏறிக்கொண்டே இருந்தது. டோக்கியோ எங்கோ ஓரத்தில் கிடந்தது. பார்க்கப் பார்க்க ஆத்திரம்தான் வந்தது.

சரி, வான்வெளி திறந்தே இருக்கட்டும். காற்று என்று ஒன்று இருக்கிறதே! லண்டனிலிருந்து நியூயார்க் போக ஏறக்குறைய 8 மணி நேரம் என்றால், திரும்பி வர 7 மணி நேரம் போதும். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் ஜெட் காற்று ஒரு பக்கம் தள்ளிவிடும், மறுபக்கம் முகத்தில் அடிக்கும். 2020 பிப்ரவரியில் சியாரா புயலின்போது நியூயார்க்கில் கிளம்பிய பயணிகள் விமானம் ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் லண்டனில் இறங்கியது. போகவும் வரவும் ஒரே எண்ணைப் போடுகிறவர்களுக்கு இதெல்லாம் தெரியாதா?

இதைவிடக் கொடுமை, நேரடி விமானமே இல்லாத ஊர்களுக்கும் கூசாமல் ஒரு நேரம் போடுவது. நடுவில் இறங்கி, பாதுகாப்புச் சோதனைக்கு மறுபடி நின்று, அடுத்த விமானத்துக்குக் காத்துக் கிடக்கும் ஐந்தாறு மணி நேரம் யார் கணக்கில்?

'நேர்கோட்டுத் தூரம், உத்தேச நேரம்' என்று ஒரு வரி எழுத என்ன கேடு? நேற்றுகூட அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். இன்னமும் அதே 9 மணி 45 நிமிடம்தான்.