"ஒலிசாபாங்" ஜெப மெசேஜ் பொய், ஃபார்வர்ட் பண்ணாதீங்க

நம்ம பெங்களூரு தமிழ் சபை வாட்ஸ்அப் குரூப்ல அந்த ஜெப மெசேஜ் மறுபடியும் சுத்துது, புத்த தீவிரவாதிங்க நேத்து ராத்திரி 20 சர்ச்ச எரிச்சுட்டாங்க, ஒலிசாபாங் மாகாணத்துல 200 சர்ச்ச இடிச்சு 24 மணி நேரத்துல 200 மிஷனரிங்கள கொல்லப் போறாங்கன்னு. பொய்ங்க இது. ஒலிசாபாங்னு இந்தியாவுல மாநிலமும் இல்ல மாவட்டமும் இல்ல, மெசேஜ்ல தேதியே போடாததால வருஷக்கணக்கா "நேத்து ராத்திரி"ன்னே ஓடுது. நெஜமா நடந்தது 2008 ஆகஸ்ட்ல, ஒடிசா கந்தமால்ல, இந்து சாமியார் லட்சுமணானந்த சரஸ்வதி கொலைக்கு அப்புறம் கிறிஸ்தவங்களோட ஆயிரக்கணக்கான வீடுங்கள எரிச்சாங்க, ஜனங்க பிள்ளைங்கள தூக்கிட்டு காட்டுக்குள்ள ஓடி ஒளிஞ்சாங்க, அதுல புத்த மதத்துக்காரங்களுக்கு சம்பந்தமே இல்ல. தைரியமா சாட்சி சொல்லணும்தான், ஆனா ஒரு பௌத்தர் மேல பொய்ப்பழி போட்டுட்டு அவர்கிட்டயே போய் இயேசுவ எப்படிங்க சொல்லுவீங்க? கந்தமால் ஜனங்களுக்காக ஜெபிங்க, அந்த ஒலிசாபாங் மெசேஜ டெலீட் பண்ணிடுங்க.