விளக்கு எரியுது, வெளிச்சத்தைக் காணோம்

ஆடி பிறந்துவிட்டது. முகூர்த்தம் கிடையாது. எங்களைப் போன்ற கல்யாண போட்டோக்காரர்களுக்கு இது லென்ஸைத் துடைத்து வைத்துவிட்டுக் கொஞ்சம் உட்கார்ந்து யோசிக்கிற மாதம். ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் ஒரு விஷயத்தை இப்போதே எழுதிவிடுகிறேன். கேமரா கையில் எடுக்கும் தம்பி தங்கைகள் படித்தால் போதும்.

2009இல் கோபிக்கு (கோபிசெட்டிபாளையம்) பக்கத்தில் ஒரு தோட்டத்து வீட்டில் கல்யாணம். விடியற்காலை 5 மணி முகூர்த்தம். வாசலில் தென்னங்கீற்றுப் பந்தல். பத்து நாள் கழித்து ஆல்பத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெண்ணின் அம்மா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். தாலி கட்டும் படம் வந்ததும் நிறுத்தி, குத்துவிளக்கின் மேல் விரலை வைத்து, "விளக்கு எரியுது, வெளிச்சத்தக் காணமே கண்ணு" என்றார். குறை சொல்லும் குரல் இல்லை. அந்த அம்மா உண்மையாகவே தேடினார்.

அவர் சொன்னது அப்படியே சரி. படத்தில் திரி நுனியில் மஞ்சளாக ஒரு புள்ளி இருந்தது. அந்த வெளிச்சம் யார் மேலும் விழவில்லை. மாப்பிள்ளை முகம் வெள்ளை, பெண்ணின் முகம் வெள்ளை, பின்னால் நின்ற சொந்தக்காரர்கள் எல்லாம் கரும் இருட்டில். நேரில் நான் பார்த்தது வேறு. ஐந்து முகமும் ஏற்றிய விளக்கு, பெண்ணின் கன்னத்தில் ஒரு பக்கம் மட்டும் பொன் நிறம், சடங்கை நடத்தும் அருமைக்காரரின் நெற்றித் திருநீறு அந்த வெளிச்சத்தில் தெரிய, கீற்று இடுக்கில் விடியலின் நீலம். அவ்வளவையும் என் ஃப்ளாஷ் துடைத்துப் போட்டுவிட்டது.

அன்றைக்கு நான் வைத்திருந்தது அபர்ச்சர் (லென்ஸின் துளை, எண் குறையக் குறைய துளை பெரிது) எஃப் 8, ஷட்டர் (திறந்திருக்கும் நேரம்) 1/200 நொடி, ஐ.எஸ்.ஓ (வெளிச்சத்தை உணரும் திறன்) 200. ஃப்ளாஷை நேராக முகத்துக்கு அடித்தேன். வேலை கற்ற இடத்தில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள்: 'இந்த செட்டிங்கை மாத்தாதே, படம் தப்பாது.' படம் தப்பவில்லைதான். அதே பந்தலில் எஃப் 2.8, 1/60, ஐ.எஸ்.ஓ 1600 வைத்திருந்தால் விளக்கின் வெளிச்சம் 200 மடங்குக்கு மேல் கூடுதலாகப் பதிவாகியிருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஃப்ளாஷ் மின்னி மறைய எடுக்கும் நேரம் பெரும்பாலும் 1/1000 நொடி அளவுதான், பவரைக் குறைத்தால் அதைவிடவும் குறைவு. ஷட்டர் 1/60இல் திறந்திருந்தாலும் 1/200இல் திறந்திருந்தாலும் அந்த மின்னல் முழுசாக உள்ளே வந்துவிடும். அதனால் ஷட்டரை மாற்றினால் ஃப்ளாஷின் அளவு மாறாது, அந்த இடத்து வெளிச்சம் மட்டும் கூடும் குறையும். அபர்ச்சரும் ஐ.எஸ்.ஓவும் இரண்டையும் சேர்த்து மாற்றும். ஃப்ளாஷை மட்டும் மாற்ற வேண்டுமென்றால் அதன் பவர், அல்லது அது நிற்கும் தூரம். ஆக, ஒரே படத்துக்குள் இரண்டு வாய்க்கால் ஓடுகிறது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மடை. மேல்பக்கம் மட்டும் ஒரு எல்லை உண்டு. 1/200 அல்லது 1/250க்கு மேலே போனால் ஷட்டரின் இரண்டாவது திரை முதல் திரையைத் துரத்திக்கொண்டு வந்துவிடும், படத்தில் கறுப்புப் பட்டை விழும். ஃப்ளாஷ் விடாமல் துடித்துக்கொண்டே இருக்கும் ஹைஸ்பீடு சிங்க் முறையில் அதைத் தாண்டலாம், ஆனால் பவர் நிறையப் போய்விடும்.

பின்னணி ஏன் இருண்டு போகிறது என்பதும் கணக்குதான். வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்தில் குறையும். ஃப்ளாஷ் 2 மீட்டரில் இருக்கும் மணமக்கள் மேல் விழுவதில் கால் பங்குதான் 4 மீட்டரில் நிற்கும் அப்பாரு (தாத்தா) மேல் விழும். அவர் முகத்தை ஃப்ளாஷால் காப்பாற்ற முடியாது, பந்தலின் வெளிச்சம்தான் காப்பாற்ற வேண்டும். சீர் செய்ய வந்து நிற்கிற பங்காளிகள், மாமன் மச்சான் எல்லோரும் பின்னால்தான் இருப்பார்கள். கொங்கு நாட்டுக் கல்யாணத்தில் அவர்களை இருட்டில் விட்டுவிட்டு எதைப் படம் எடுப்பது?

என் கட்சி இதுதான்: ஃப்ளாஷை அணைத்து வைத்துவிட்டு ஒரு படம் எடுங்கள். அந்த இடம் உங்கள் கண்ணுக்கு எப்படித் தெரிகிறதோ, அதைவிடக் கொஞ்சம் மங்கலாகப் படத்தில் வரும்வரை செட்டிங்கைத் திருத்துங்கள். அதற்கப்புறம் ஃப்ளாஷைப் போடுங்கள், முழு பவரில் 1/64 பங்கில் ஆரம்பித்து, எது குறைகிறதோ அதற்கு மட்டும். கீற்றுப் பந்தலில் ஃப்ளாஷை மேலே திருப்பி பவுன்ஸ் அடித்தால் பயன் இல்லை, அது வெளிச்சத்தைக் குடித்துவிடும். நான் இரண்டு பையன்களிடம் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடிக்கச் சொல்லி அதில் அடிப்பேன். சலவை வேட்டி. அதைவிட நல்ல சாஃப்ட்பாக்ஸ் (வெளிச்சத்தை மென்மையாக்கும் பெட்டி) பந்தலுக்குள் கிடைக்காது.

நிறத்தையும் பார்க்க வேண்டும். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள், எண் குறையக் குறைய மஞ்சள் கூடும். ஃப்ளாஷின் நிறம் 5500 கெல்வின் பக்கம், பகல் மாதிரி. குண்டு பல்பு 3000 பக்கம். எண்ணெய் விளக்கு இன்னும் கீழே, 2000க்குக் கிட்ட. வெறும் ஃப்ளாஷை விளக்குப் பக்கத்தில் அடித்தால் முகம் மட்டும் வேறு ஊரில் இருப்பது போல நீலம் பாய்ந்து தெரியும். ஃப்ளாஷ் முகப்பில் ஆரஞ்சு ஜெல் (நிறக் கண்ணாடித் தாள்) ஒட்டினால் 3200க்கு இறங்கிவரும், விளக்கோடு சேர்ந்துகொள்ளும். ஒரு சின்னத் துண்டு ஜெல்தான். அதுகூட இல்லாமல் லட்சக்கணக்கில் கேமரா வாங்குகிறவர்களைப் பார்க்கையில் எனக்கு மனது கேட்பதில்லை.

இன்னொரு பக்கமும் சொல்லியாக வேண்டும். 'நான் நேச்சுரல் லைட் மட்டும்தான் எடுப்பேன், ஃப்ளாஷ் தொடமாட்டேன்' என்று இப்போது நிறையப் பேர் பெருமையாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சித்திரை வெயிலில், மதியம் 12 மணிக்கு, வேப்பமரத்தடியில் ஒரு பெண்ணை நிறுத்திப் பாருங்கள். மேலிருந்து வரும் வெளிச்சத்தில் கண் இரண்டும் குழியாகிவிடும், இலைப் பச்சை தோலில் ஏறி முகம் வாடிப்போனது போலத் தெரியும், பின்னால் வயல் வெளுத்துக் கிடக்கும். அங்கே பக்கவாட்டில் வெளிச்சத்தைப் பரப்பும் ஒரு குடை வைத்து ஃப்ளாஷ் கொடுத்தால்தான் அவளுடைய நிறம் அவளுக்குத் திரும்பக் கிடைக்கும். உச்சி வெயிலில் 1/200, ஐ.எஸ்.ஓ 100 வைத்தால் அபர்ச்சர் எஃப் 11 வரை போயாக வேண்டும். சின்ன ஃப்ளாஷுக்கு அது கஷ்டம், குடை ஒன்றரை மீட்டருக்குள் வர வேண்டியிருக்கும். அதனால் பொழுது சாயும்வரை காத்திருப்பது எப்போதும் நல்லது. ஆனால் மதியம் சாப்பாடு முடிந்ததும் கிளம்பும் மாப்பிள்ளை வீட்டாரிடம் 'பொழுதிறங்கட்டும்' என்று சொல்ல முடியுமா?

வெளியில் குடை வைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும், லைட் ஸ்டாண்டு எம்மாத்திரம்? சாக்கில் மணல் கட்டித் தொங்கவிடுங்கள், இல்லையென்றால் ஒரு ஆளைப் பிடிக்கச் சொல்லுங்கள். அந்த மேகமூட்டம் மட்டும் அருமை. வானம் முழுக்க ஒரே சாஃப்ட்பாக்ஸ். ஃப்ளாஷ் கண்ணில் ஒரு சின்ன மினுக்குக்குத்தான் தேவைப்படும்.

தோல் நிறத்தைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க மாட்டேன். காட்டில் மேட்டில் உழைத்துக் கறுத்த முகங்கள் எங்களுடையவை. ஃப்ளாஷின் அளவைக் கேமராவே முடிவுசெய்யும் டி.டி.எல். முறையில் விட்டால், எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கவே கேமரா பார்க்கும். வெள்ளை வேட்டி சட்டையில் மாப்பிள்ளை நின்றால் ஃப்ளாஷைக் குறைத்து முகத்தை இருட்டாக்கும். அரக்குச் சேலையில் பெண் நின்றால் ஏற்றி முகத்தை வெளுக்கும். அதனால் நான் மேனுவல்தான். அதற்கு மேல், எடிட்டிங்கில் இன்னும் நாலு பங்கு வெளுத்துத் தருகிறார்கள். சொந்தப் பெண்ணை ஆல்பத்தில் அடையாளம் தெரியவில்லை என்று சொன்ன அப்பாவை நான் பார்த்திருக்கிறேன். கறுத்த தோலின் அழகே அதன் மேல் விழுந்து வழியும் வெளிச்சத்தில்தான் இருக்கிறது. சின்ன ஃப்ளாஷை நேராக அடித்தால் மூக்கிலும் நெற்றியிலும் எண்ணெய்ப் பொட்டாக மினுங்கும். அதையே ஒரு பெரிய வெள்ளைச் சுவரில் அடித்துத் திருப்பினால், கன்ன எலும்பு ஓரமாக நீளமாக, மெத்தென்று ஒரு ஒளி படரும். நிறம் மாறாது, உருவம் எழும்பி நிற்கும்.

போன மாசியில் காங்கேயம் பக்கம் ஒரு ஓட்டு வீட்டுக்குப் போயிருந்தேன். எண்பது தாண்டிய ஒரு அமுச்சி (பாட்டி). "நான் போன பின்னால மாட்டறதுக்கு ஒண்ணு எடுத்துக் குடு சாமி" என்றார். ஆசாரத்தில் (கூடத்தில்) வாசலைப் பார்த்து உட்கார வைத்தேன். காலை வெளிச்சம் இடது பக்கம் இருந்து வந்தது. முன்கையில் பச்சை குத்திய கோலம், வயதான பச்சை, தோலோடு கரைந்துபோய் நீலமா பச்சையா என்று சொல்ல முடியாத நிறம். பேரன் போனில் எடுத்த படம் ஒன்றைக் காட்டினான். போன் ஃப்ளாஷ் நேராகப் பட்டு அந்தக் கோலம் காணாமல் போயிருந்தது, வெள்ளைச் சேலையும் கையும் ஒன்றாகக் கலந்துவிட்டன.

நான் வாசல் வெளிச்சத்தை வைத்தே எஃப் 4, 1/125, ஐ.எஸ்.ஓ 400 வைத்தேன். முகத்தின் வலது பக்கம் மட்டும் இருட்டு. வலதுபுறச் சுண்ணாம்புச் சுவரில் ஃப்ளாஷைத் திருப்பி, வாசல் வெளிச்சத்தைவிட ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி) குறைவாக வைத்துத் தட்டினேன். சுருக்கம் ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் இருந்தது. முன்கையில் கோலத்தின் புள்ளிகளை எண்ண முடிந்தது. அமுச்சி கேமராவின் பின்பக்கத்தில் படத்தைப் பார்த்தார், அப்புறம் தன் கையைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். "இது எங்கம்மா கூட்டிட்டுப் போயிக் குத்திவிட்டது" என்று ஆரம்பித்தவர், மதியம் வரை எங்களை எழ விடவில்லை.

ஆவணி முகூர்த்தம் தொடங்க இன்னும் சில வாரம் இருக்கிறது. பழகிப் பார்க்க விருப்பம் இருக்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை பொழுதோட (சாயங்காலம்) கோபிக்கு வாருங்கள். காசு எதுவும் வேண்டாம். குத்துவிளக்கும் வேட்டியும் நான் எடுத்து வைக்கிறேன், உங்கள் ஃப்ளாஷை மட்டும் கொண்டு வாருங்கள்.