மீன் எண்ணுவதும் ஒரு வேலைதான்

என் தங்கை மகள் அலாஸ்காவில் மீன்வளம் படிக்கிறாள். கோடை வந்தால் காட்டுக்குள் ஒரு ஆற்றங்கரைக்குப் போய் சால்மன் மீன் எண்ணுகிறாள். "அவ்வளவு தூரம் போய் மீன் எண்ணத்தானா படிச்சா?" என்று உறவில் கேட்காதவர்களே இல்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிப் பார்த்துவிட்டேன். எல்லாருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பேச்சு அவளைப் பற்றியது மட்டுமல்ல, நம் ஏரிகளைப் பற்றியதும்தான்.

அலாஸ்காவின் தென்மேற்கில் பிரிஸ்டல் பே என்று ஒரு வளைகுடா. சாக்கை என்கிற செந்நிற சால்மன் உலகத்திலேயே அதிகமாக வருவது அங்கேதான். 2022இல் மட்டும் ஏறத்தாழ 7.9 கோடி மீன்கள் வந்தன. ஆற்றிலோ ஏரிக்கரையிலோ பொரித்து, நன்னீரில் ஓரிரு வருடம் வளர்ந்து, கடலுக்குப் போய் இரண்டு மூன்று வருடம் தின்று கொழுத்து, பிறந்த ஆற்றுக்கே திரும்பி முட்டையிட்டுச் சாகும் மீன் அது. வரத்து ஜூன் நடுவில் தொடங்கும், ஜூலை முடிவதற்குள் அடங்கிவிடும். அந்தச் சில வாரங்களுக்கு மட்டும் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். ஆற்றுக்குச் சாலை கிடையாது. தண்ணீரில் இறங்கும் சின்ன விமானத்தில் கூடாரம், அரிசி, பெட்ரோல் எல்லாவற்றோடும் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள்.

கரையோரம் சாரம் கட்டினதுபோல ஒரு கோபுரம். அதன்மேல் நின்று ஒவ்வொரு மணி நேரத்திலும் பத்து நிமிடம் எண்ண வேண்டும். பிறகு மறுகரைக்குப் போய் அங்கே பத்து நிமிடம். எண்ணினதை ஆறால் பெருக்கினால் அந்தக் கரையில் அந்த ஒரு மணி நேரத்தில் ஏறின மீன்களின் கணக்கு வந்துவிடும். பகல், ராத்திரி, மழை எதற்கும் நிறுத்தம் இல்லை, முறை போட்டுக்கொண்டு எண்ணுகிறார்கள். தண்ணீரின் பளபளப்பு கண்ணில் அடிக்காத கண்ணாடி, அமுக்கினால் எண் ஏறும் ஒரு சின்னக் கருவி, இருட்டினதும் தண்ணீரின் மேல் ஒரு விளக்கு, இவ்வளவுதான் சாமான். கூடாரத்தைச் சுற்றிக் கரடிக்காக மின்வேலி. "சத்தமா பேசிக்கிட்டே நடக்கணும் பெரியம்மா, நாம வர்றது அதுக்கு முன்னாடியே தெரியணும்" என்றாள். கரடியைவிடக் கொசுதான் அவளை அதிகம் படுத்துகிறதாம்.

எண்ணுவது தவிர, சில மீன்களைப் பிடித்து நீளம் அளந்து செதில் எடுக்கிறார்கள். செதிலைப் பெரிதாக்கிப் பார்த்தால் வளையங்கள் தெரியும். நன்னீரில் எத்தனை வருடம், கடலில் எத்தனை வருடம் என்று அதிலிருந்தே சொல்லிவிடலாம்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அந்த எண் அன்றன்றைக்கே மாநில மீன்வளத் துறை அலுவலகத்துக்குப் போகிறது. க்விசாக் என்கிற ஒரு ஆற்றில் மட்டும் 20 லட்சத்திலிருந்து 1 கோடி மீன் வரை வலைக்குத் தப்பி மேலே ஏற வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். கணக்கு குறைந்தால் கீழே வலை போடும் நேரத்தைக் குறைக்கிறார்கள், தேவைப்பட்டால் மூடிவிடுகிறார்கள். கூடினால் திறக்கிறார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படகுகள் அந்த அறிவிப்புக்காகக் காத்திருக்கின்றன. கோபுரத்தின்மேல் நிற்கும் ஒரு பெண்ணின் கைக்கருவியிலிருந்து வரும் எண்ணுக்கு அவ்வளவு மரியாதை.

"அது பணக்கார நாடு, அவங்களுக்குக் கட்டுப்படியாகும்" என்பார்கள். அவர்களும் பட்டுத் திருந்தினவர்கள்தான். பெரிய பெரிய நிறுவனங்கள் ஆற்று வாய்களில் மீன்பொறி கட்டி அள்ளியதில் சால்மன் வரத்து விழுந்தே போனது. 1959இல் அலாஸ்கா தனி மாநிலம் ஆனபோது அந்தப் பொறிகளைத் தடை செய்தார்கள். பிடிப்பதால் மீன்வளம் வற்றிப்போகக் கூடாது என்பதை மாநிலத்தின் அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். எண்ணினால் மட்டும் மீன் வந்துவிடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கனடாவிலிருந்து அலாஸ்காவுக்குள் ஓடிவரும் யூகான் ஆற்றில் சினூக் என்கிற இன்னொரு வகை சால்மன் இன்றைக்கு மிகவும் குறைந்துவிட்டது. 2024இல் அலாஸ்காவும் கனடாவும் சேர்ந்து ஏழு வருடத்துக்கு அந்த மீனைப் பிடிப்பதையே நிறுத்தின. ஆற்றையே நம்பிப் பிழைத்த பழங்குடிக் குடும்பங்களுக்கு அது பெரிய இழப்பு. ஆனால் வருடா வருடம் எண்ணி வைத்த கணக்கு கையில் இருந்ததால்தான் இரண்டு தரப்பும் ஒரே முடிவுக்கு வர முடிந்தது.

இப்போது நம் வேலூர்ப் பக்கம் பாருங்கள். வாலாஜாவுக்குப் பக்கத்தில் பாலாற்று அணைக்கட்டை 1858இல் கட்டினார்கள். அங்கிருந்து காவேரிப்பாக்கத்துக்கும் மகேந்திரவாடிக்கும் கால்வாய் போகிறது. ஏரியில் எத்தனை அடி தண்ணீர், ஆற்றில் எத்தனை கன அடி வரத்து என்று மழைக்காலம் முழுக்க அளந்து பேப்பரில் போடுகிறோம். அந்தத் தண்ணீரில் என்ன மீன் இருக்கிறது என்று எங்கள் ஊரில் யாரும் ஒரு நோட்டில்கூட எழுதுவதில்லை. மீன்பாசி ஏலம் மட்டும் தவறாமல் நடக்கிறது. குத்தகை எடுத்தவர் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சு விடுகிறார், வளர்ந்ததும் பிடிக்கிறார். அவர் மேல் எனக்குக் குறை இல்லை, போட்ட பணத்தை அவர் எடுத்தாக வேண்டும். தானாக வளரும் கெண்டை, குறவை, விரால், கெளுத்தி இவற்றைப் பற்றித்தான் யாருக்கும் கணக்கு கிடையாது. ஜிலேபி மீன் எவ்வளவு பெருகிவிட்டது, தடை செய்த ஆப்பிரிக்கக் கெளுத்தி எந்தெந்த ஏரிக்குள் புகுந்துவிட்டது, எதற்கும் பதில் இல்லை.

ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பிக் கோடி வழியும் ராத்திரி ஊரே அங்கேதான் நிற்கும். புதுத்தண்ணீரை எதிர்த்து மீன் ஏறும். ஊத்தா, வீச்சுவலை, வேட்டி என்று கையில் கிடைத்ததை வைத்துப் பிடிப்போம். சின்ன வயதில் நானும் பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கியிருக்கிறேன், அந்தச் சந்தோஷத்தை யாருக்கும் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் அப்படி ஏறுவதில் பெரும்பாலும் சினை மீன்தான். முட்டையிட இடம் தேடித்தான் அது ஏறுகிறது. எத்தனை ஏறுகிறது, எத்தனை நம் கூடைக்கு வருகிறது என்று தெரிந்தால், முதல் ஒரு ராத்திரி மட்டும் விட்டுவிடலாமா என்றாவது ஊர் கூடிப் பேசலாம். இன்றைக்கு அந்தப் பேச்சை ஆரம்பிக்கவே கையில் ஒரு எண் இல்லை.

பாலாற்றின் தோல் தொழிற்சாலைக் கழிவு விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்புச் சொன்னது, 2025இல் மறுபடியும் சொன்னது. நிலத்துக்கும் கிணற்றுக்கும் நடந்த சேதத்தை அளந்து சொல்ல முடிந்தது. மீனுக்கு நடந்ததைச் சொல்ல எங்கள் பெரியவர்களின் ஞாபகம்தான் இருக்கிறது, அவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

எண்ணிக் குறித்துவைப்பது வேலூர்க்காரர்களுக்குப் புதிதில்லை. கணியம்பாடி வட்டாரத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் சமுதாய சுகாதாரத் துறையினர் பல பத்தாண்டுகளாக வீடுவீடாகப் போய்ப் பிறப்பு, இறப்பு எல்லாவற்றையும் எழுதி வருகிறார்கள். அந்த ஏடுகளை வைத்து எத்தனை ஆராய்ச்சி நடந்திருக்கிறது! அதே பொறுமையை ஏரிக்கரைக்கும் கொண்டுவரலாம். மழைக்கால மூன்று மாதம், நம் கல்லூரிகளில் விலங்கியல் படிக்கும் பிள்ளைகளுக்குச் சம்பளம் கொடுத்து இந்த வேலையைத் தர வேண்டும். இலவசத் தொண்டாக இதைக் கேட்கக் கூடாது. சம்பளம் இருந்தால்தான் அடுத்த வருடமும் ஆள் வரும், கணக்கும் அறுபடாமல் தொடரும்.

கோபுரம் நமக்கு உதவாது என்று என் தங்கை மகளே சொன்னாள். அந்த ஆறுகளில் தண்ணீர் தெளிவு, நம் வெள்ளம் செம்மண் கலங்கல். யூகான்போலக் கலங்கின ஆற்றில் ஒலி அலையை அனுப்பி எண்ணும் சோனார் வைத்திருக்கிறார்கள், அது நமக்கு ஆகிற செலவு இல்லை. பிடிபட்ட மீனைக் கரையிலேயே பார்த்து எழுதுவதுதான் நமக்குச் சரிப்படும் என்கிறாள். வருடா வருடம் அதே இடத்தில், அதே முறையில் எழுத வேண்டும்.

அதற்கு ஒரு பக்கத்தில் அவள் படிவம் போட்டுக் கொடுத்திருக்கிறாள். ஊர், ஏரி, தேதி, மணி, எத்தனை பேர் எந்த வலையோடு நின்றார்கள், என்ன மீன், எத்தனை, சினை இருந்ததா, நீளம் எவ்வளவு. எல்லாம் தமிழில்தான். காவேரிப்பாக்கம், ஆற்காடு, குடியாத்தம், கே.வி.குப்பம் பக்கம் இருக்கும் விலங்கியல் ஆசிரியர்களும் ஏரிக்கரை ஊர்க்காரர்களும் கமெண்டில் சொல்லுங்கள், அனுப்பிவைக்கிறேன். பேனாவில் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்பினாலே போதும். பிடிக்கிறவர்களோடு சண்டைக்குப் போகாதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள்.